பதினொரு வினாடி

அலைச் சத்தம் கேட்டது. காற்றுச் சத்தம் கேட்டது. கலைவாணனின் குரல்கூடத் தெளிவாகக் கேட்டது. படம்தான் வரவில்லை. இசை அமைக்கும் மென்பொருளின் மேல் மூலையில், படம் ஓட வேண்டிய சதுரம் தோசைக்கல் மாதிரி கறுப்பாகக் கிடந்தது.

ஜாக்குலின் மென்பொருளை மூடித் திறந்தாள். மறுபடியும் தோசைக்கல். மேசையை விரல்களால் தட்டியபடி யோசித்தாள்.

"யாருடி கதவத் தட்டறது?" என்று அடுப்படியிலிருந்து அம்மா செங்கம்மாள் கேட்டாள்.

ஜாக்குலின் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். தெருவில் ஒரு கோழிதான் நின்றது.

"யாரும் இல்லம்மா."

"இந்த வூட்ல மட்டும் எப்பிடிடி ஆளே இல்லாம கதவு தட்டுது?"

அந்த வீட்டில் வாரத்துக்கு நாலு முறை இப்படி நடக்கும். ஜாக்குலினுக்கும் அதற்குக் காரணம் தெரியாது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் செங்கல்பட்டில் ஒரு சர்ச் கல்யாணம். அவள் கீபோர்டு வாசித்தாள். வீடியோ எடுக்க வந்தவன் கலைவாணன், திருவிடந்தைக் கடலோரத்துப் பையன். கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தை அதட்டி நகர்த்தியவன், எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அவளிடம் வந்து கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றான். ஒரு குறும்படம் எடுத்துக்கொண்டிருப்பதாகவும், கடைசி ஆறு நிமிஷத்துக்கு மட்டும் இசை வேண்டும் என்றும் சொன்னான்.

"படத்த ஓட வுட்டு, பாத்துகினே வாசிக்கிற சாப்ட்வேர் எல்லாம் உங்களாண்ட இருக்கும் இல்ல மேடம்?"

அவள் தரையைப் பார்த்து, "இருக்கு" என்றாள்.

இல்லை. அன்று மாலைதான் இறக்கினாள். பி.எஸ்சி. இயற்பியல் படித்து, மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் திருகாணிகளின் குறுக்களவை மைக்ரான் கணக்கில் அளக்கிறவளுக்கு ஒரு மென்பொருள் பெரிய விஷயமா என்று நினைத்தாள்.

அதன் பிறகு கலைவாணன் தினமும் போனில் செய்தி அனுப்பினான். காற்று அடித்துப் படப்பிடிப்பு நின்றது, கேமரா காலில் நண்டு ஏறியது, மேகம் ஒன்று ஆமை மாதிரி இருந்தது என்று பத்துப் பன்னிரண்டு வரி எழுதுவான். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை நாலு தரம் படிப்பாள். பதிலுக்கு ஐந்து வரி எழுதுவாள். அழிப்பாள். இரண்டு வரி எழுதுவாள். அதையும் அழிப்பாள். பஸ் சிங்கபெருமாள் கோயிலைத் தாண்டும்போது "சரி" என்று அனுப்புவாள்.

இப்போது அந்தக் கடைசி ஆறு நிமிஷம் வந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டிக்குப் படத்தை அனுப்பியாக வேண்டும். சனிக்கிழமை இசையோடு கடற்கரைக்கு வரச் சொல்லியிருந்தான். கையில் ஆறு நாள் இருந்தது.

படம் இல்லாமல் சத்தத்தை மட்டும் ஓடவிட்டாள். முதலில் அலை. பிறகு அவன் குரல். அவனே நடித்தும் இருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டாள்.

"உன்னாண்ட எப்பிடி சொல்றதுன்னு தெரியல. நேர்ல பாத்தா நீ தரையப் பாக்கற. எழுதிக் கேட்டா ஒத்த வார்த்தைல முடிச்சுடற. உன் விரலு மட்டும் எப்பப் பாத்தாலும் எதையாவது வாசிச்சுகினே கீது. அத்தப் பாத்துகினே ஒக்காந்துடலாம் போல கீது எனக்கு."

ஜாக்குலின் நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள். என்ன நடிப்பு. அவளிடம் பேசும்போது "மேடம், மேடம்" என்று திக்குகிறவன், கதாநாயகியிடம் எவ்வளவு சுலபமாக "நீ" என்கிறான்.

நாலாவது நிமிஷம் பன்னிரண்டாவது வினாடியில் அவன் கேட்டான்: "நீ வருவியா?"

அப்புறம் பதினொரு வினாடிக்கு அலை மட்டும். அதன் முடிவில் ஒரு பெருமூச்சு. பிறகு மறுபடியும் அலை.

அந்தப் பதினொரு வினாடியில்தான் எல்லாம் இருந்தது. பெண் தலையசைத்தாளா, இல்லையா? அசைத்திருந்தால் சுரம் மேலே ஏற வேண்டும். இல்லையென்றால் இறங்கி அடங்க வேண்டும். அவன் விட்டது நிம்மதிப் பெருமூச்சா, நொந்துபோனதா? படத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. பார்க்கவும் வேண்டும். யார் அவள்? எப்படி இருப்பாள்? ஒருவன் இப்படிக் கேட்டும் வாயைத் திறக்காமல் நிற்கிற அந்தத் திமிர் பிடித்தவளின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும்.

அவனிடமே கேட்கலாம். "படம் தெரியல" என்று எழுதினாள். அனுப்பினால் அன்றைக்குச் சொன்ன "இருக்கு" பொய்யாகிவிடும். அழித்தாள்.

திங்கட்கிழமை, படக் கோப்பை வேறு வகைக்கு மாற்றச் சொல்லி இணையத்தில் யாரோ எழுதியிருந்ததைப் படித்தாள். இலவசமாக மாற்றித்தரும் ஒரு மென்பொருளைப் பிடித்தாள். இரண்டு மணி நேரம் ஆனது. இப்போது கறுப்புச் சதுரத்தின் குறுக்கே, மாற்றித்தந்த நிறுவனத்தின் பெயர் வெள்ளை எழுத்தில் பளிச்சென்று ஓடியது. எழுத்து தெரிகிறது என்றால் சதுரம் நன்றாக வேலை செய்கிறது. சதுரம் வேலை செய்தால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. இயற்பியல் படித்தவள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் அந்த எழுத்துக்குப் பின்னால்தான் அந்தப் பெண் நிற்கிறாள் என்று தோன்றியதும் யோசனை நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை, திரையை இயக்கும் நிரலைப் புதுப்பித்தாள். கம்ப்யூட்டரில் எல்லாம் பெரிதாகிவிட்டது. மௌஸின் அம்புக்குறி கத்தரிக்காய் அளவுக்கு வந்தது. தோசைக்கல் அளவில் இருந்த இருட்டு இப்போது திரை முழுக்கப் பரவியது.

புதன்கிழமை, மென்பொருளையே அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். அதோடு அவள் சேர்த்து வைத்திருந்த வயலின், புல்லாங்குழல், வீணை எல்லாம் போயின. திரும்ப இறக்க முப்பது ஜி.பி. வேண்டும். அவள் போனில் ஒரு நாளைக்கு இரண்டு ஜி.பி. மென்பொருளோடு இலவசமாக வந்த ஒரே வாத்தியம் மிஞ்சியது: சர்ச் ஆர்கன்.

அன்று மாலை கலைவாணன் கேட்டிருந்தான்: "மேடம், கடைசி சீன் பாத்தீங்களா? மனசுல பட்டத சொல்லுங்க."

மனசில் பட்டதை ஒரு பக்கம் எழுதினாள். அழித்தாள். "சரி" என்று அனுப்பினாள்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த சர்வீஸ் கடைக்குப் போனாள். கடைக்காரர் சுதாகர் வாயில் ஸ்க்ரூ டிரைவரைக் கவ்விக்கொண்டு படத்தை ஓடவிட்டார். கறுப்பு. தன் கம்ப்யூட்டரில் போட்டார். அங்கேயும் கறுப்பு. தன் போனில் ஏற்றிப் பார்த்தார். அதுவும் கறுப்பு. ஸ்க்ரூ டிரைவரை வாயிலிருந்து எடுத்தார்.

"பாத்தீங்களா? உங்க வைரஸ் என் கம்ப்யூட்டருக்கு வந்து, இப்ப போனுக்கும் பூந்துடுச்சு. நல்லா இருந்த கடை மேடம் இது."

"வைரஸா இருக்காதுங்க."

"பின்ன இன்னா? மூணு மெசின்லயும் ஒரே மாதிரி இருட்டுன்னா, நோய் பரவிகினு கீதுன்னுதான அர்த்தம்?"

மூன்று கருவியிலும் ஒரே விடை வந்தால் கருவியைச் சந்தேகிக்கக் கூடாது. அளக்கப்படும் பொருளைத்தான் சந்தேகிக்க வேண்டும். தொழிற்சாலையில் தினமும் அவள் செய்கிற வேலை அது. ஆனால் கலைவாணன் அனுப்பியதைச் சந்தேகிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

சுதாகர் லேப்டாப்பைப் பிரித்துத் தூசி தட்டி மூடினார். அதன் பிறகு இடப்பக்க ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்தது. வீட்டுக்கு வந்து ஓடவிட்டபோது கலைவாணனின் குரல் அவளுடைய இடது காதோரத்திலிருந்து மட்டும் கேட்டது. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. இந்த ஒரு கோளாறை மட்டும் அவள் சரிசெய்ய நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. படம் இல்லை, வாத்தியம் இல்லை, ஒரு பக்கம் ஸ்பீக்கரும் இல்லை. ஆர்கன்தான் இருந்தது.

சர்ச்சில் பாஸ்டர் ஜெபிக்கும்போது எல்லாரும் கண்ணை மூடியிருப்பார்கள். கீபோர்டு வாசிக்கிறவளும்தான். குரல் ஓடும்போது அதற்கு அடியில் மெல்ல ஊர்ந்துபோக வேண்டும். குரல் மூச்சு வாங்கும்போது அந்த இடத்தை நிரப்ப வேண்டும். எதையும் பார்க்க வேண்டியதில்லை. ஒன்பது வருஷமாக அவள் செய்துவருவது அதைத்தான்.

கண்ணை மூடிக்கொண்டாள். இடது காதில் அவன் பேசினான். அவள் அதற்கு அடியில் வாசித்தாள். அவன் தயங்கிய இடத்தில் தாங்கிப் பிடித்தாள். அவன் சொல்லாமல் விட்டதையெல்லாம் எடுத்துச் சொன்னாள். முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் அவனுக்காகக் கெஞ்சினாள். ஒரு தரம் நிமிர்ந்து பாரேன், உனக்கென்ன குறைந்துவிடும் என்று கேட்டாள். "நீ வருவியா?" வந்ததும் கையை எடுத்துவிட்டாள். பதினொரு வினாடியையும் அப்படியே காலியாக விட்டாள். அந்த இடத்துக்குச் சுரம் வைக்க அவளுக்கு உரிமை இல்லை. அது அந்தப் பெண் சொல்ல வேண்டிய பதில்.

வாசித்து முடித்துக் கண்ணைத் திறந்தபோது, அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அறை வாசலில் நின்றிருந்தாள்.

"யாருக்காகடி ஜெபம்?"

"ஒரு பொண்ணு மனசு மாறணும்னு."

"மாறும். கர்த்தர் மாத்துவாரு" என்று சொல்லிவிட்டு அம்மா ரசத்தை இறக்கப் போனாள்.

சனிக்கிழமை ஜாக்குலின் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துத் திருவிடந்தையில் இறங்கினாள். மீன் ஏலம் விடுகிற கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் கலைவாணனின் லேப்டாப் இருந்தது. அவளைப் பார்த்ததும் கழுத்தைச் சொறிந்தான்.

"வந்துட்டீங்களா மேடம். ஒக்காருங்க. டீ... டீ வாங்கியாறேன்."

அதற்குமேல் நிற்காமல் ஓடிவிட்டான்.

கொட்டகையில் இருந்தவர் அவனுடைய தாய்மாமன் இருசப்பன். கடலுக்குப் போகிறவர். வலையைப் பிரித்தபடி, தான்தான் இந்தப் படத்தின் ஹீரோ என்று அவராகவே அறிமுகம் செய்துகொண்டார். ஒரே காட்சிக்குப் பதினேழு தடவை நடக்கவிட்டுக் காலை ஒடித்துவிட்டானாம் மருமகன். பெருமைக்குச் சொல்கிறார் என்று ஜாக்குலின் நினைத்துக்கொண்டாள்.

ஜாக்குலின் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். பக்கத்தில் கேமரா, முன்பக்கம் கறுப்பு மூடியோடு வெயிலில் இருந்தது. பக்கவாட்டில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஓடிகினு இருக்கா இது?"

"ஓடும் ஓடும். அலை சத்தம் மட்டும் புடிக்கறப்ப அப்பிடித்தான். உப்புக் காத்து கண்ணாடில பட்டா பூடும்னு மூடியப் போட்டே ஓட வுடுவான். அத்தப் பக்கத்துல வெச்சுகினு தனியா ஒக்காந்துகினு இருப்பான், மணிக்கணக்கா."

அவள் மூடியைப் பார்த்தாள். கறுப்பு. தோசைக்கல் கறுப்பு. இரண்டு மணி நேர மாற்றம், கத்தரிக்காய் அம்புக்குறி, முப்பது ஜி.பி., சுதாகரின் நோய் வந்த போன் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. கோளாறே இல்லை. படத்துக்குப் பதிலாக, அலை பிடிக்கும்போது வசனத்தைச் சொல்லிப் பார்த்த கோப்பை மாற்றி அனுப்பியிருக்கிறான். அவ்வளவுதான். சிரிக்கலாமா என்று யோசித்தாள்.

அப்படியென்றால் உண்மையான கடைசிக் காட்சி அதோ, அந்த நாற்காலியில் இருக்கிறது. அந்தப் பெண்ணும் அதில் இருக்கிறாள். இன்னும் ஐந்து நிமிஷத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். கலைவாணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

"பொட்டிய ஏம்மா அப்பிடி தட்டிகினே கீற?" என்றார் இருசப்பன். "உள்ள ஒண்ணும் இல்ல, ஐஸ்தான்."

அவள் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். அவன் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும். முன்பே தெரிந்துகொண்டால் முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ளலாம்.

"கடைசியில அந்தப் பொண்ணு தலையாட்டுதா, இல்லையா?"

"எந்தப் பொண்ணு?"

"அவரு பேசுவாரே. வருவியான்னு கேப்பாரே. அந்தப் பொண்ணு."

இருசப்பனின் கை வலையில் நின்றது. தூரத்தில் கலைவாணன் இரண்டு கையிலும் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், தரையைப் பார்த்தபடி மணலில் வந்துகொண்டிருந்தான்.

"பேசறதா? நல்லா கேட்ட போ. படம் பூரா நானும் எங்க வூட்டு நாயும்தாம்மா. பதினெட்டு நிமிசத்துல ஒருத்தரும் ஒரு வார்த்த பேசல."