கிளம்பாத ராக்கெட்

என் மனைவியிடம் ஒரு பொய் சொல்வதென்று தீர்மானித்தேன். சின்னப் பொய் இல்லை. அவள் இருக்கும் வரை தாங்க வேண்டிய பொய்.

எனக்கா கஷ்டம்? வாழ்நாளெல்லாம் பொய் எழுதியே பிழைத்தவன் நான். விஞ்ஞானக் கதை எழுத்தாளன். இல்லாத கிரகத்தில் இல்லாத ஊரைக் கட்டி, அங்கே தண்ணீர்த் தட்டுப்பாடு வரைக்கும் நம்ப வைத்தவன். தெருவில் எனக்கு 'ராக்கெட் சார்' என்றே பெயர். வீட்டில் மட்டும் நான் விட்டது எதுவும் மேலே போனதில்லை.

டாக்டரம்மா அவளை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு என்னை மட்டும் உட்கார வைத்துச் சொன்னார். வயிற்றில் வந்த புற்றுநோய் கல்லீரல் வரை பரவிவிட்டதாம். ஆபரேஷன் செய்தாலும் பயனில்லையாம். இனி மாதக் கணக்குத்தானாம். அவளுக்குத் தெரிய வேண்டாம், நீங்கள் மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவளுக்கு நான், எனக்கு அவள், அவ்வளவுதான் குடும்பம். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கதாசிரியனாக எழுந்தேன்.

பஸ்ஸில் அவள் ஆரம்பித்தாள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"உடம்புல ரத்தம் கம்மியாம். சத்து மாத்திரை குடுத்திருக்காங்க."

"அதுக்கு உங்க கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"தூசி."

"ஆஸ்பத்திரிக்குள்ளயா?"

"பக்கத்துல ஏதோ கட்டடம் இடிக்கிறாங்க."

அவள் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நம்பிவிட்டாள். எனக்கு அந்தத் துக்கத்திலும் லேசாக ஒரு பெருமை.

இங்கே என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் கதாநாயகர்களுக்கு முதல் அத்தியாயத்திலேயே மனைவி செத்துப்போவாள். வேறு வழியில்லை. எங்கே போறீங்க, எப்போ வருவீங்க, அங்கே குளிருமா என்று கேட்க ஓர் ஆள் வீட்டில் இருந்தால் ராக்கெட் எப்படிக் கிளம்பும்? அதனால் ஒரு விபத்து, அல்லது ஒரு காய்ச்சல். இரண்டாம் அத்தியாயத்தில் புறப்பாடு. எழுதியதை முதலில் படிக்கிறவள் என் மனைவி. "இவனுக்கும் பொண்டாட்டி போய்ச் சேர்ந்தாச்சா? எல்லாம் என் கிரகம்" என்று தலையில் அடித்துக்கொள்வாள். கிரகம் என்றால் எனக்குப் பிழைப்பு. அவளுக்கு நான்.

ஆனால் சும்மா படிக்கமாட்டாள். ஒருத்தன் வருஷக்கணக்காகப் பறக்கிறானே, சட்டையைத் துவைக்க வேண்டாமா என்று ஒருமுறை கேட்டாள். அதன் பிறகுதான் என் விண்கப்பல்களில் துணி துவைக்கும் இயந்திரம் வந்தது. விமர்சகர்கள் என்னை நுணுக்கமான எழுத்தாளர் என்றார்கள். நானும் அடக்கமாக ஒத்துக்கொண்டேன்.

அந்தச் சமயம் ஒரு வார இதழில் புதுத் தொடர் ஒப்புக்கொண்டிருந்தேன். முதல் அத்தியாயத்தில் வழக்கம்போல் மனைவி சாக வேண்டும். பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. கதையில் அவள் லேசாக இருமினாள், அவ்வளவுதான். இரண்டாம் அத்தியாயத்தில் தேறிவிட்டாள். மூன்றாவதில் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். ராக்கெட் எரிபொருளை நிரப்பிக்கொண்டு நின்றது. சனி கிரகத்துக்குப் போகிறார் என்று விளம்பரம் செய்தாயிற்று, ஆள் இன்னும் வாசலையே தாண்டவில்லையே என்று ஆசிரியர் போனில் புலம்பினார்.

அவள் கட்டிலில் சாய்ந்தபடி படித்தாள்.

"இந்தக் கதையில மட்டும் இவ ஏன் சாகலை?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வாசகர்கள் மாறுதல் கேக்கறாங்க."

"அப்ப அவன் எப்படிக் கிளம்புவான்?"

"கிளம்பாட்டி என்ன?"

படித்த தாள்களை மடித்து வைத்தாள். "சரி, கிளம்பற வரைக்கும் சும்மாவா உக்காந்திருப்பான்? அங்க யாரு அவனுக்குச் செஞ்சு போடுவா? வீட்டு வேலையைக் கத்துக்கிட்டுப் போகட்டும். நான் சொல்றேன், எழுதுங்க."

எனக்கு மூளையில் பளிச்சென்று ஒரு யோசனை. அவள் சொல்வதைச் சரிபார்க்கிறேன் என்று நான் சமையலறைக்குள் புகுந்துவிட்டால், அவள் படுத்திருப்பாள். ஓய்வு கிடைக்கும். காரணமும் தெரியாது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்றிலிருந்து கதாநாயகன் பால் காய்ச்சினான். நான் பாத்திரத்தைக் கரிய விட்டேன். அவன் காலரை ஊற வைத்துத் தேய்த்தான். என் வெள்ளைச் சட்டை நீலமானது. அவள் படுத்த இடத்திலிருந்தே மூக்கால் கண்டுபிடித்து, அடுப்பை அணைக்கச் சொல்வாள். குரல் நாளுக்கு நாள் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மோதிரம் விரலில் நிற்கவில்லை. நான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். தண்ணீரை வீணாக்காதே என்று அவனுக்கு எழுதச் சொல்வாள்.

"பிரஷர் மாத்திரையை மறந்துடுவான். பல் விளக்கற பிரஷ் பக்கத்துல டப்பாவை வெக்கச் சொல்லுங்க."

என் கதாநாயகன் வாலிபன். அவனுக்கு ஏது பிரஷர்? அது எனக்கு. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பல் விளக்கும் பிரஷ் பக்கத்தில் டப்பாவை வைத்தேன்.

இதில் வேடிக்கை, தொடர் பிய்த்துக்கொண்டு போனது. ராக்கெட் நிற்கட்டும் சார், அந்தம்மா பேசட்டும் என்றார் ஆசிரியர். நான் எழுதியதிலேயே பெரிய வெற்றி, தரையை விட்டு எழும்பாத இந்த ஒன்றுதான்.

வலி அதிகமானதும் வேறு மருந்து கேட்டு டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். இன்னும் அவளுக்கு ஒன்றும் தெரியாது, அப்படிச் சமாளித்திருக்கிறேன் என்று சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் கர்வம் இருந்திருக்கும். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதுக்கு மேல உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னால நடிக்க முடியலை சார். அவங்க உங்களுக்கு முன்னாடியே தனியா வந்து எல்லாத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. 'எனக்குத் தெரியாதுன்னே அவர்கிட்ட சொல்லுங்க, மறைக்கிற வேலை ஒண்ணு இருந்தா இடிஞ்சு உக்காராம இருப்பாரு'ன்னு அவங்கதான் கேட்டுக்கிட்டாங்க."

வழியெல்லாம் அழுதேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன். என் பொய்யை அவள் நம்பியதாக நான் நம்பிய அத்தனை நாளும், அவள் தனியாகவே அதைச் சுமந்திருக்கிறாள். வாய்விட்டு அழக்கூட என்னைக் கூப்பிடவில்லை. வீட்டு வாசலில் நின்று கண்ணைத் துடைத்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியக் கூடாது. இதையாவது ஒழுங்காக மறைத்துவிட வேண்டும். முகத்தில் ஒரு சிரிப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"டாக்டரம்மா சொல்லிட்டாங்களா? சரி, அழுது முடிச்சிட்டு வாங்க. இன்னும் உங்களுக்குத் துணி மடிக்க வரலை."