பாறைக்கு நடைச்சீட்டு

நகரத்தின் அழகைக் கருதி ஓர் ஆணை பிறந்தது. இனிமேல் கட்டப்படும் ஒவ்வொரு வீட்டின் முகப்பிலும் உள்ளூர்க் குவாரியில் எடுத்த இயற்கைக் கல் ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பணிநிறைவுச் சான்று கிடையாது. சான்று இல்லாவிட்டால் மின் இணைப்பு கிடையாது. வெளிநாட்டுப் பளிங்கைத் தடவித் தடவிக் காட்டியவர்கள் எல்லாம் ஒரே வாரத்தில், "கல்லுன்னா நம்ம ஊர்க் கல்தான், அதுல ஒரு ஆன்மா இருக்கு" என்று பேச ஆரம்பித்தார்கள்.

இதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டவர் தையல்காரம்மா. அவர் புதிதாகக் கட்டிய வீட்டின் வாசலில், யானைக்குட்டி படுத்திருப்பது போல ஒரு பாறை கிடந்தது. கட்டட வேலையைப் பார்க்க வரும் கணவர் தினமும் அதன்மேல் உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார். அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் உரிமையாளர் காலி செய்யச் சொல்லிவிட்டார். தைத்துக் கொடுக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் கூரை வரை குவிந்திருந்தன. கரண்ட் வந்துவிட்டால் மெஷின் ஓடும்.

ஆய்வாளர் வந்தார். பாறையைச் சுற்றி நடந்தார். விரலால் தட்டிப் பார்த்தார்.

"கல் பிரமாதம். எந்தக் குவாரி?"

"குவாரியா? இது இங்கேயேதான் சார் இருந்துது."

"எப்போ கொண்டு வந்தீங்க?"

"கொண்டே வரலை. நாங்கதான் இதுகிட்ட வந்தோம்."

ஆய்வாளரின் முகம் வாடியது. "உள்ளூர்க் கல்லுன்னா உள்ளூர்க் குவாரியிலேர்ந்து வந்திருக்கணும்மா. வந்ததுக்கு நடைச்சீட்டு இருக்கணும். இது வரவே இல்லையே."

"இதைவிட உள்ளூர்க் கல் உண்டா சார்?"

"ரொம்ப உள்ளூரா இருக்கு. அதுதான் சிக்கல்."

"இப்போ என்ன செய்யணும்?"

"வரவைக்கணும்."

வர வேண்டுமானால் முதலில் போக வேண்டும் என்பது எல்லோருக்கும் விளங்கியது. மறுநாள் கிரேன் வந்தது. புதுச் சுற்றுச்சுவரில் பாதியை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, பாறையைப் பெயர்த்து லாரியில் ஏற்றியது. எதிர்வீட்டு ரிட்டயர்டு அதிகாரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார். பாறைக்குத் துணையாகக் கணவர் லாரியில் ஏறிக்கொண்டார்.

குவாரி வாசலில் இருந்த குமாஸ்தா கேட்டார்: "எந்தக் கல்லை ஏத்தணும்?"

"ஏத்தியாச்சுங்க."

"ஏத்தினதுக்குச் சீட்டு இல்லை. ஏத்துறதுக்குத்தான் சீட்டு. இறக்கி ஏத்துங்க."

இறக்கினார்கள், ஏற்றினார்கள். பாறை சாயங்காலம் முத்திரையோடு வீடு திரும்பியது. பழைய இடத்தில் பொருந்த மறுத்ததால் பக்கத்தில் வைத்தார்கள்.

ஆய்வாளர் மறுபடியும் வந்தார். நடைச்சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பூரித்துப்போனார். அந்தப் பூரிப்பிலேயே ஓர் அடி பின்னால் வைத்தவர், நல்லவேளையாக விழவில்லை.

"இது என்ன பள்ளம்?"

"பாறை இருந்த இடம் சார்."

"அப்போ இங்கேயிருந்து கல் எடுத்திருக்கீங்க."

"நீங்க சொல்லித்தானே சார் எடுத்தோம்!"

"நான் வரவைக்கத்தான் சொன்னேன். எடுக்கச் சொல்லலை. அனுமதி இல்லாம கல் எடுத்தா அது சட்டவிரோதக் குவாரிம்மா."

தையல்காரம்மா பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ பேர் உடம்புக்கு ஏற்றபடி துணியை வெட்டியவர் அவர். துணிக்கு ஏற்றபடி உடம்பை வெட்டும் இடம் ஒன்று உண்டு என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்போ அனுமதி கொடுத்துடுங்க சார். குவாரியே நடத்திக்கறேன்."

ஆய்வாளருக்கு உயிர் வந்தது. குவாரிக்கு விண்ணப்பம் இருக்கிறது. பாறை அங்கேயே இருந்ததற்குத்தான் விண்ணப்பம் இல்லை. அனுமதி வந்தது, சான்று வந்தது, கரண்டும் வந்தது. "இங்கு சீருடைகள் தைத்துத் தரப்படும்" என்ற பலகைக்குக் கீழே இன்னொரு பலகை ஏறியது: "அரசு அங்கீகாரம் பெற்ற உள்ளூர்க் கல் குவாரி."

செய்தி பரவியது. தெருவில் எல்லோர் வீட்டிலும் ஏதோ ஒரு கல் கிடந்தது. எந்தக் கல்லும் எங்கிருந்தும் வரவில்லை. இப்போது தள்ளுவண்டியில் கொண்டுவந்து தையல்காரம்மாவின் பள்ளத்தில் உருட்டிவிட்டு, மேலே தூக்கினால் போதும். அது குவாரியில் எடுத்த கல். அவர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து அளந்து, நடைச்சீட்டு கிழித்துக் கொடுப்பார்.

எதிர்வீட்டு ரிட்டயர்டும் ஒரு நாள் வந்தார். மாடியில் புது அறை கட்டியிருந்தார்; அதற்கும் சான்று வேண்டியிருந்தது.

"இது எங்க கிணத்தடிக் கல்லும்மா. நீங்களே இதுமேல உட்கார்ந்து என் வீட்டுக்காரிகிட்ட பேசியிருக்கீங்க. உருட்டாமலே ஒரு சீட்டு..."

"நல்லாத் தெரியும் அண்ணா. அதனாலதான் சந்தேகமா இருக்கு. உருட்டித்தான் ஆகணும்."

"சரி, உருட்டறேன்."

"இப்போ முடியாது. குழிக்குச் சாப்பாட்டு நேரம்."

"ஏம்மா, பாவம், வெயில்ல நிக்கறார்" என்று கணவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"நாம நிக்கலையா?" என்றபடி தையல்காரம்மா கதவைச் சாத்தினார்.

ரிட்டயர்டு கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று பார்த்தால், தன் கல்லின்மேலேயே உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பின்னால் வரிசை வளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஒருவர் ஸ்கூட்டரில் வந்து, கல்லைத் தூக்கிக்கொண்டு நேரே கதவைத் தட்டப் போனார். ஆய்வாளர்தான். அவரும் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

ரிட்டயர்டு இரண்டு கையையும் விரித்து மறித்தார். "யாரா இருந்தாலும் பின்னாடி போங்க சார். சட்டதிட்டம்னு ஒண்ணு வேண்டாமா?"

ஆய்வாளருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்தத் தெரு இப்படித் திருந்தும் என்று அவர் நினைக்கவே இல்லை. கல்லை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.