கலவா மீனும் அப்பாவின் கைப்பேசியும்

படித்தவர்களுக்கு என்று ஒரு வியாதி உண்டு. திரையில் தெரிவதை நம்புவோம், பக்கத்தில் இருப்பவர் சொல்வதை நம்ப மாட்டோம். எனக்கு அது முற்றியிருந்த காலத்தில்தான், உயிரோடு இருந்த அப்பாவுக்காகக் கிணற்றை இறைத்து, ஊரைக் கூட்டி, வாய்விட்டு ஒப்பாரியும் வைத்தேன்.

நைனார்பாளையத்தில் மரவள்ளி போடுகிற குடும்பம் எங்களுடையது. அங்கே பிறந்த நான், மன்னார் வளைகுடாவில் மீன்களை வேவு பார்க்கும் வேலையில் இருந்தேன். பவளப்பாறைகளைச் சுற்றி மீன்பிடிக்கத் தடை விதித்த பகுதி. மீன்கள் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கின்றனவா, வெளியே போய் வலையில் மாட்டுகின்றனவா என்று கண்டுபிடிக்க வேண்டும். மீனை மயக்கி, வயிற்றைக் கீறி, சுண்டுவிரல் நுனியளவு கருவி ஒன்றை உள்ளே வைத்துத் தைத்துக் கடலில் விடுவோம். அது சத்தம் எழுப்பிக்கொண்டே திரியும். நாங்கள் படகில் உட்கார்ந்து ஒட்டுக் கேட்போம். (இதை அப்பாவிடம் விளக்கியபோது, "மீனு எங்க போனா உனக்கு இன்னாம்மா?" என்றார்.)

என் செல்லம் ஒரு கலவா மீன். மற்ற மீன்கள் ஊர்சுற்ற, இது மட்டும் ஒரே பாறையடியில் கிடந்தது. எப்போது போனாலும் அதே இடத்தில் அதே சத்தம். "பாதுகாப்பான இடம் எதுவென்று அதற்குத் தெரிந்திருக்கிறது" என்று ஒரு கூட்டத்தில் உருக்கமாகப் பேசிக் கைதட்டலும் வாங்கினேன்.

அதே சூட்டில் அப்பாவையும் கண்காணிக்க ஆரம்பித்தேன். அம்மா போன பிறகு அவர் தனியாக இருந்தார், குடிப்பார். பக்கத்துக் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்துக் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகு, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலே அப்பாவுக்குத்தான் ஏதோ என்று நினைப்பேன். இருக்கும் இடத்தைக் காட்டுகிற கைப்பேசி ஒன்றை வாங்கிக் கொடுத்து, அது இல்லாமல் வெளியே போகக்கூடாது என்று சத்தியமும் வாங்கினேன். என் திரையில் அப்பா ஒரு நீலப் புள்ளியானார். வீடு, மரவள்ளி நிற்கும் கொல்லி, டீக்கடை என்று புள்ளி ஒழுங்காக நகர்ந்தது.

சித்திரை வெயிலில் ஒருநாள், உளுந்தூர்பேட்டையில் குடியிருக்கும் அண்ணி கூப்பிட்டார்.

"கௌரி, மாமா நேத்துலேர்ந்து போன எடுக்கல. உங்க அண்ணன அனுப்பிப் பாக்க சொல்லட்டா?"

"வேணாம் அண்ணி. புள்ளி மோட்டார் கொட்டாயிலதான் இருக்கு. தண்ணி பாய்ச்சிகினு இருப்பாரு."

"நேத்துலேர்ந்தா?"

"என் கலவா கூட அப்படித்தான் அண்ணி, எடத்த வுட்டு நகராது" என்றேன். அந்த வாயை நினைத்தால் இப்போதும் அறையலாம் போலிருக்கிறது.

அன்று மதியம், கலவாவைப் படம் எடுத்து வர முங்கிய ஆள் மேலே வந்து கையை விரித்தார். உள்ளங்கையில் என் கருவி மட்டும் இருந்தது. "மீனு இல்ல மேடம். செத்து ரொம்ப நாளாயிருக்கும். இது மட்டும் மணல்ல கெடந்துச்சு."

மீன் செத்தது கருவிக்குத் தெரியாது. அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. நான் திரையைத் திறந்தேன். அப்பாவின் புள்ளி முந்தின நாள் இருந்த இடத்திலேயே இருந்தது.

படகிலிருந்தே கூப்பிட்டு அண்ணனை விரட்டினேன். நான் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அவன் கொல்லியிலிருந்து கூப்பிட்டான். "போனு சார்ஜர்ல தொங்குது. ஆளக் காணோம் கௌரி" என்றவன் கொஞ்சம் நிறுத்தி, "கிணத்து மேட்டுல செருப்பு கெடக்குது" என்றான்.

"எறைங்க!" என்று நான் அலறியதில் முன்சீட்டுக் குழந்தை வீறிட்டது.

மறுநாள் காலை போய் இறங்கியபோது, ஆயில் இன்ஜின்கள் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். பாதாளக் கரண்டி போட்டுத் துழாவியதில் இரண்டு குடமும் ஒரு சைக்கிள் டயரும் வந்திருந்தன. பெரியப்பா மகன் சாமியானாவுக்குச் சொல்லிவிட்டிருந்தான். (நம் ஆட்கள் இதில் மட்டும் வேகம்.) அண்ணனை அனுப்ப வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். அதனால் எல்லோரையும்விட உரக்க அழுதேன்.

அப்போதுதான் கூட்டத்தின் பின்னால், தலையில் சாமை மூட்டையோடு ஒருவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"யாருப்பா உழுந்தது?"

முன்னால் நின்றவர் திரும்பாமலே சொன்னார். "நம்ம கௌரியோட அப்பா."

"எந்தக் கௌரி?"

நான் பாய்ந்து போய் அப்பாவைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்ட கையோடு ஊரே பார்க்க அவர் வாயை மோந்தும் பார்த்தேன். வெறும் பீடி வாசனை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிணற்றை இறைத்ததற்குக்கூட நான் அவ்வளவு கூனிக் குறுகவில்லை.

"மலையில நமக்கு வருஷா வருஷம் சாமை குடுப்பானே, அவன் குடிச்சே செத்துட்டான். தூக்கிப் போட்டு வரேன்" என்றார் மெதுவாக. "மலைப்பக்கம் புள்ளி தெரிஞ்சா சாராயத்துக்குப் போனேன்னு நெனப்ப. அதான் போன வச்சிட்டு, பழஞ்செருப்ப இங்கயே கழட்டிப் போட்டுட்டு, புதுச போட்டுகினு போனேன்."

பிறகு கிணற்றை எட்டிப் பார்த்தார். அடியில் சேறுதான் இருந்தது. "சித்திரையில யாரக் கேட்டுடி என் தண்ணிய எறச்ச?"

அந்த வருஷம் மரவள்ளி நின்ற இடத்திலேயே காய்ந்தது. எங்கள் வீட்டில் இன்றும் யாராவது விடிந்தும் எழுந்திருக்காவிட்டால், "கெணறு எறைக்கலாமா?" என்று அண்ணன் கேட்பான்.

நகரும் புள்ளியையும் நம்ப முடியாது என்பதைப் பிறகு கற்றேன். மீனை விழுங்கிய சுறாவின் வயிற்றில் கிடந்தும் கருவி ஊர் சுற்றுமாம். இது தெரியாமல் போன மாதம், "நல்லா நடக்கறப்பா" என்று அப்பாவைப் பாராட்டினேன். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். போன் இருப்பது வெள்ளாட்டின் கழுத்தில், சுருக்குப் பையில்.

அதைக் கழற்றச் சொல்லவில்லை. சாயங்காலம் நான் கூப்பிட்டால் மணி அடிக்கும், ஆடு மிரண்டு ஓடும், அப்பா பின்னாலேயே ஓடிப் பிடித்து எடுப்பார்.

"இன்னும் சாவலடி, வையி."

அந்த மூச்சிரைப்பைக் கேட்கத்தான் தினமும் கூப்பிடுகிறேன்.