தட்டு மாற்றும் முன் ஒரு வார்த்தை

என்னிடம் மைக்கைக் கொடுத்து "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று சொல்பவர்கள், அதற்குப் பிறகு நடப்பதற்கெல்லாம் தாங்களே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் நித்யாவின் நிச்சயதார்த்தத்தில் என்ன நடந்தது என்று ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். ஒரு விஷயத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை. ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் பேசியது ஒரே ஒரு வார்த்தையைப் பற்றித்தான்.

அந்த வார்த்தை பிரேஸ்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. காலேஜ் பிள்ளைகள் பிராஜெக்ட்டைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நான் டைப் அடித்தபடியே படித்துவிடுவேன். (பரீட்சை எழுதியவர்களைவிட நான்தான் அதிகம் படித்திருக்கிறேன் என்பது என் எண்ணம். என் மனைவியின் எண்ணம் வேறு.) அப்படி ஒரு பெண் கொண்டுவந்த பிராஜெக்ட்டில்தான் இது மாட்டியது. பல்லுக்குக் கம்பி போட்டால் பிரேஸ். தோளில் மாட்டி பேண்ட்டைத் தூக்கி நிறுத்தும் பட்டை பிரேஸ். சாயும் சுவருக்கு முட்டுக் கொடுத்தால் அதுவும் பிரேஸ். இது போதாதென்று, பழைய இங்கிலீஷில் பிரேஸ் என்றால் ஜோடி! காரணம் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். அதன் பூர்வீக அர்த்தம் இரண்டு கைகள். விரித்த இரண்டு கைகளின் அகலம். இரண்டு கைகளும் சேர்ந்து இறுகப் பிடித்தால் எப்படி இருக்கும், அந்தப் பிடிதான் கம்பியாகவும் பட்டையாகவும் முட்டாகவும் ஜோடியாகவும் ஆகியிருக்கிறது.

இதைக் கடைக்கு வந்த எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன். "எத்தினி காப்பிண்ணா ஆச்சு?" என்றார்கள். ஒரு வாரமாக வார்த்தை எனக்குள் வேகாத சோறு மாதிரி கிடந்தது. இந்த நிலைமையில்தான் நிச்சயதார்த்தம் வந்தது.

நித்யா என் தங்கை செல்வியின் மகள். மாப்பிள்ளை ஆனந்த், சேதராப்பட்டு கம்பெனியில் சூப்பர்வைசர். இருவரும் விரும்பித்தான் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் இரண்டு வீட்டுக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் அந்த அம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துடும். அதுக்குள்ள தட்டு மாத்திடணும். ஒரு நிமிஷம் தாண்டுச்சின்னா நாங்க எழுந்து போயிட்டே இருப்போம், சொல்லிட்டேன்."

செல்வி முதல் நாளே என்னைத் தனியாக அழைத்தாள். "அண்ணா, உன் கால்ல வேணா விழறேன். தட்டை வாங்கு, தட்டைக் குடு. நடுவுல எதுவும் பேசாத."

"நான் இன்னா பேசப் போறேன்?" என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஐயர் லக்னப் பத்திரிகை வாசித்தார். தாய்மாமன் என்ற முறையில் பெண் வீட்டுத் தாம்பூலத் தட்டு என் கைக்கு வந்தது. எதிரே மாப்பிள்ளை வீட்டுத் தட்டோடு ஆனந்தின் பெரியப்பா நின்றார். பிரான்ஸ் ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்று வந்த சொல்தா. தட்டை நீட்டி, தட்டை வாங்கினால் முடிந்தது. அந்த நேரம் பார்த்து மைக்செட்காரர், யார் கேட்டார்களோ தெரியவில்லை, "தாய்மாமன் ரெண்டு வார்த்தை பேசுவாரு" என்று என் வாயருகே மைக்கைக் கொண்டுவந்தார்.

தட்டைப் பார்த்தேன். தேங்காய் இரண்டு. வாழைப்பழம் இரண்டு இரண்டாக. வெற்றிலைகூட ஜோடி ஜோடியாக. நான் என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்கள்.

"ஏன் எல்லாமே ஜோடியா வைக்கிறோம்னு யோசிச்சிருக்கீங்களா?" என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். விரித்த கைகளைக் காட்டினால்தான் புரியும் என்பதால், தட்டை ஹோட்டல் சர்வர் மாதிரி இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கைகளை விரித்தேன். "ரெண்டு வேட்டை நாயை ஒரே வாரில கட்டிப் புடிச்சிட்டுப் போவாங்க. இங்கிலீஷ்ல ஜோடின்ற அர்த்தத்துல அதைத்தான் மொதல்ல பிரேஸ்னாங்க. அந்த மாதிரி இந்தப் பிள்ளைங்க ரெண்டு பேரும்..."

"யாரை நாய்ன்றாரு இவரு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஐயோ, நாயில்லம்மா! நாய்க்கு அப்புறம் வாத்துக்கு வந்துச்சி. சுட்டுட்டு, ரெண்டு ரெண்டா கழுத்தைச் சேத்துக் கட்டித் தொங்க விடுவாங்க..."

நாதஸ்வரக்காரர் புத்திசாலி. கெட்டிமேளத்தை ஆரம்பித்தார். நான் அவரைக் கையமர்த்தினேன். (இந்த ஒரு காட்சியை மட்டும் வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டுகிறார்கள்.)

அதோடு முடிந்திருக்கும். ஆனால் எதிரே நின்ற பெரியப்பா, "நோன், நோன்!" என்றார். "அது இங்கிலீஷ் இல்ல சம்பந்தி. எங்க பிரெஞ்சுலேர்ந்து திருடினது. ப்ராஸ்னு சொல்லுவோம். தண்ணி ஆழம் பாக்கறதுக்கு, இப்டி!" தன் தட்டை ஐயர் கையில் திணித்துவிட்டு, அவரும் கைகளை விரித்தார்.

"நானும் அதைத்தான சொல்றேன்?"

"நீங்க இங்கிலீஷ்னீங்க!"

அப்போது நோணாங்குப்பத்தில் படகு ஓட்டும் குமார், என் தங்கை வீட்டுக்காரரின் தம்பி, கூட்டத்திலிருந்து எழுந்து மேடைக்கே வந்துவிட்டான். "இன்னாய்யா, ரெண்டு பேரும் புச்சா கண்டுபுடிச்ச மாரி பேசறீங்க? தோ, ரெண்டு கை அகலம், இதான் ஒரு பாகம். கயிறு அளக்க எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இப்டித்தான்." அவனும் விரித்தான்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் மறைத்துக்கொண்டு, பறக்கத் தயாராக நிற்கும் கொக்குகள் மாதிரி மூன்று ஆம்பிளைகள். மூவரும் சொல்வது ஒன்றேதான். இருந்தும் சண்டை. ஒருவருக்குமா புத்தி இருக்காது?

"ராகுகாலம் பொறந்துடுச்சி" என்றது ஒரு குரல்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "போதும். நாய்னு கேட்டாச்சி, செத்த வாத்துனு கேட்டாச்சி. இனிமே கேக்க ஒண்ணுமில்ல. ஆனந்து, எழுந்துரு."

நித்யா என்னைப் பார்க்கவே இல்லை, அவனைத்தான் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் உலகத்தில் உள்ள அத்தனை வார்த்தைகளையும் ஜெராக்ஸ் மெஷினோடு சேர்த்து எரித்துவிடலாம் போல் இருந்தது.

ஆனந்த் எழவில்லை. "ராகுகாலம் பன்னெண்டுக்கு முடிஞ்சிடும்மா. நான் இங்கியே உக்காந்திருக்கேன்" என்றான். நித்யா தன் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உன்னிய யாரு கேட்டா? அந்தாளு பேசின பேச்சுக்கு..."

இங்கேதான் என் தங்கை வாயைத் திறந்தாள். "எங்கண்ணன் பேசினது தப்புதான் அண்ணி. வீட்ல வச்சிக் கேக்கறேன் அதை. ஆனா உங்க பெரியவரு கையை விரிக்காம இருந்திருந்தா, நான் இது கையிலேர்ந்து தட்டைப் புடுங்கியாவது குடுத்திருப்பேன்."

அந்த அம்மாள் திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா கைகளை மெதுவாக இறக்கினார்.

"இவரு இப்டித்தான்" என்றார் அந்த அம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "எங்க வீட்டுக்காரரு காரியத்துல, காக்காவுக்குச் சோறு வச்சிட்டு நிக்கறோம், பிரான்சுல காக்கா எப்டிக் கத்தும்னு சொல்லிக்கினு இருந்தாரு."

"ஐயோ, இது எங்க மாமனாருக்கு ஊசி போட வந்த நர்சம்மாவை ஒக்கார வச்சி ஊசின்ற வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சின்னு கேட்டுது" என்றாள் செல்வி.

"உங்க வீட்லயும் ஒண்ணு இருக்கா?"

"இருக்கே!"

அந்த அம்மாள் உட்கார்ந்தார். செல்வியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ராகுகாலம் முடியும் வரை இருவரும் எங்கள் இரண்டு பேரையும் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பொங்கலும் வடையும் அவர்கள் இருக்கும் இடத்துக்கே போயின. நானும் பெரியப்பாவும் கை கழுவும் இடத்தருகே நின்றுகொண்டிருந்தோம். எங்களுக்கு யாரும் இலை போடவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் மண்டபம் வேறொரு வளைகாப்புக்காரர்களுடையது. ஆகவே நிச்சயதார்த்தம் வாசலில், வண்டி நிறுத்தும் இடத்தில், யாருடையதோ ஸ்கூட்டர் சீட்டின்மேல் தட்டுகளை வைத்து நடந்தது. தட்டு மாற்றியவர்கள் இரண்டு அம்மாக்களும்தான். தாய்மாமன் முறையா, பெரியப்பா முறையா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் ஐயருக்கே இல்லை.

இப்போது நித்யாவுக்கு இரட்டைக் குழந்தைகள். பெயர் சூட்டும் விழாவுக்கு நாள் குறிக்க ஐயர் வந்திருந்தார். சம்பந்திகள் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ராகுகாலம் போச்சு, எமகண்டம் போச்சு" என்றார் ஐயர். "அப்போ ஒம்பதுக்கு வச்சிக்கலாமா?"

"மாமாகாலத்தை விட்டுட்டீங்களே சாமி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "அது எப்போ பொறக்கும்னு எந்தக் காலண்டர்லயும் போட மாட்டான். நீங்க ஏழரைக்கே வச்சிடுங்க."

ஐயர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு ஏழரை என்று குறித்துக்கொண்டார்.