எங்க மாமாவுக்கும் ஒரு கரண்டி

சின்னப் பிள்ளைகளிடம் பொய் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் சொன்ன பொய்யை நாம் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் அவர்கள் வைத்திருப்பார்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும், ஒரு புதுச் சட்டையும், கைவசம் இருந்த மானத்தில் முக்கால்வாசியும் செலவாயின. (ப்ளஸ் டூவில் இரண்டு தடவை உட்கார்ந்தும் தேறாதவன், இந்தப் பாடத்தை ஒரே தடவையில் பாஸ் பண்ணினேன்.)

நான் செங்கம் ரோட்டில், வெளியூர் ஆட்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்க்கிறேன். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை. அக்கா வீட்டுக்காரர் லாரியில் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்று அவருக்கே சில நாள் தெரியாது. ஆகவே அப்போது வீட்டில் இருந்தது நான்கு பேர்: செல்வி அக்கா, அவள் மகள் தர்ஷினி (ஆறு வயது), மகன் நிதிஷ் (நாலு வயது), கடைசியாக நான். மரியாதை வரிசையும் அதேதான்.

தர்ஷினியின் வகுப்பில் ஒரு பெண் ஹோட்டலுக்குப் போய் கை நீளத்துக்கு தோசை சாப்பிட்டதாகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பாட்டு.

"மாமா, எங்கள ஹோட்டலுக்கு இட்டுனு போ."

நிதிஷை இரண்டு வயதில் ஒரே ஒரு முறை ஹோட்டலுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். ஒரு கிண்ணம் சாம்பாரை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் மடியில் நிதானமாக ஊற்றினான். கையில் பிள்ளை இருந்தால் ஹோட்டல் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று அன்றே சபதம்.

அதனால் பௌர்ணமி அன்று சாயங்காலம் இரண்டு பேரையும் கிரிவலப் பாதைக்குக் கூட்டிப் போனேன். அடி அண்ணாமலை பக்கம் ஷாமியானா போட்டு, அண்டா அண்டாவாக வைத்து அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. "இதான் ஹோட்டல். பாரு எவ்ளோ கூட்டம். சின்ன ஹோட்டல்லாம் இவ்ளோ கூட்டம் வருமா?" என்றேன். நம்பிவிட்டார்கள்.

ஹோட்டலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தேன். வரிசையில் நிற்கணும். ரெண்டு கையையும் சேர்த்து நீட்டணும். சத்தமாக அரோகரா சொல்லணும். கரண்டிக்காரர் கம்மியாகப் போட்டால் நகரக் கூடாது, "எங்க மாமா பின்னாடி நிக்கிறாரு, அவருக்கும் ஒரு கரண்டி" என்று பாவமாகச் சொல்லணும். தர்ஷினி அந்தப் பாவத்தை முகத்தில் கொண்டுவந்த அழகுக்கு அண்டாவையே கவிழ்த்துக் கொடுப்பார்கள். புளிசோறு, சாம்பார் சாதம், கேசரி. மாதாமாதம் எங்களுக்கு ஹோட்டல்தான்.

இந்த நேரத்தில் எனக்கு வரன் வந்தது. நான்காவது. முதல் மூன்றும் ஜாதகம் பொருந்தவில்லை என்று போய்விட்டன. (நாங்கள் ஜாதகம் கொடுக்கவே இல்லை. அதற்குள் பொருந்தவில்லை.)

பெண் பெயர் ரேவதி. கீழ்பென்னாத்தூர். தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. அப்பா மல்லாட்டை வியாபாரி. (வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.) போனில் பத்து நிமிடம் பேசினோம். அந்தப் பெண் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எனக்கு ஷிஃப்ட் வேலைங்க. ரெண்டு பேரும் சமைக்கணும். உங்களுக்கு சமைக்கத் தெரியுமா?"

"இன்னாங்க இப்டி கேட்டுட்டீங்க? எங்க வீட்ல பிரியாணின்னாலே நான்தான்."

பொய்யில்லை. பார்சல் வாங்கி வருவது நான்தான்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் விழுந்தேன். முதல் மூன்று வரன் போனபோது இரண்டு நாளில் மறந்துவிட்டேன். இது போனால் மறக்காது என்று போனை வைக்கும்போதே தெரிந்தது.

"பஜ்ஜி, சொஜ்ஜி, புடவை கட்டினு வந்து நிக்கிறது, அதெல்லாம் வேணாம். ஏதாவது ஹோட்டல்ல பாக்கலாம். அப்பா மட்டும் கூட வருவாரு" என்று ரேவதி சொல்லிவிட்டாள். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் உட்காரும் ஒரு கஃபேயைச் சொன்னேன். அதன் வாசலில் நூறு தடவை ஸ்கூட்டர் நிறுத்தியிருக்கிறேன். உள்ளே போனதில்லை.

சந்திக்க முடிவான ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு ஜவுளிக்கடையில் லீவு கிடைக்கவில்லை. காலையில் கிளம்பும்போது கட்டளை போட்டாள்.

"நான் மத்தியானம் பர்மிஷன் போட்டு நேரா அங்க வந்துடறேன். பசங்களுக்கு வீட்லயே வயிறு ரொம்ப சோறு போட்டு இட்டுனு வா. பசியோட வந்தா மானத்த வாங்கிடுங்க ரெண்டும். ரசம் வெச்சிருக்கேன். சோறு மட்டும் ஆக்கு போதும். பிரியாணின்னாலே நீதானாமே?"

குக்கரில் அரிசி போட்டேன். தண்ணீர் ஊற்றினேன். மூடினேன். விசில் வரும் வரைக்கும் கண்ணாடி முன்னால் நின்று, "வணக்கங்க ஐயா" என்று பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பத்தும் முடிந்தது. விசில் வரவில்லை. வாசனை வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், குக்கர் மூடிக்குள் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் அலமாரியில் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் எல்லாம் ஆவியாகிக் கூரைக்குப் போய்விட்டது.

தட்டில் போட்டேன். நிதிஷ் விரலால் கிளறிப் பார்த்தான்.

"மாமா, மேல அரிசி இருக்குது. கீழ கரி இருக்குது. சோறு எங்க?"

மறுபடி ஆக்க நேரமில்லை. ரசத்தை மட்டும் ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். அது இருந்த பசியை இன்னும் கிளப்பிவிட்டது. புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

கஃபே வாசலில் இறங்கியதும் அக்கா போனில் வந்தாள். வழி தெரியாமல் ஆசிரமத்துக்கு எதிரே நிற்கிறாள். எனக்கோ தலை கலைந்திருந்தது, ஸ்கூட்டர் கண்ணாடியில் சீவ வேண்டும். பிள்ளைகள் சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒரு கையில் போன், ஒரு கையில் சீப்பு. அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"உள்ள போய் இருங்க, மாமா வந்துடறேன். ஹோட்டல்ல எப்டி நடந்துக்கணும்னு சொல்லிக் குடுத்துருக்கேன் இல்ல? கரெக்டா அப்டியே நடந்துக்கணும்."

"சரி மாமா" என்றாள் தர்ஷினி. அவ்வளவு பொறுப்பாக.

அக்காவுக்கு வழி சொல்லி, தலை சீவி, நான் உள்ளே போக ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நடுவில் ஒரு பெரிய மேஜை, சுற்றி ஏழெட்டு வெள்ளைக்காரர்கள். அதன் முன்னால் வரிசை. வரிசையில் இரண்டு பேர். முன்னால் தர்ஷினி, அவள் கவுனைப் பிடித்துக்கொண்டு நிதிஷ். இரண்டு பேரும் கையைக் குவித்து நீட்டியிருந்தார்கள்.

"அண்ணாமலையாருக்கு..." என்றாள் தர்ஷினி.

"அரோகரா!" என்றது மொத்த கஃபேவும்.

ருத்திராட்சம் போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, தன் தட்டில் இருந்த ரொட்டியை எடுத்து நிதிஷ் கையில் வைத்தார். பச்சையாக ஏதோ பூசிய ரொட்டி. பக்கத்து மேஜைக்காரர் தானாகவே தன் கேக்கை இரண்டாக வெட்டி வைத்துக்கொண்டு முறைக்குக் காத்திருந்தார். ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார், பாவம்.

ஜன்னல் ஓரமாக ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அகலமான மீசை. எதிர் நாற்காலி காலி, ஆனால் மேஜையில் இரண்டு காபி. என்னைப் பார்த்து, "தம்பி, இந்தப் பசங்க உன்னோடவா வந்தாங்க?" என்றார்.

பெண் வீட்டார் எந்த நிமிடமும் வந்துவிடுவார்கள். யோசிக்க நேரமில்லை. (நேரம் இருந்தாலும் யோசிப்பவன் இல்லை.)

"எதுங்க, இதுங்களா? யார் வூட்டு புள்ளைங்களோ! கிரிவலப் பாதையில சுத்தறதுங்களா இருக்கும். ஹோட்டல்காரங்கதான் பாத்து உள்ள விடணும்."

என் குரல் கேட்டு நிதிஷ் திரும்பினான். முகமெல்லாம் பச்சை. "மாமா! உனக்கும் ஒண்ணு வாங்கிட்டேன்!" என்று ஓடிவந்து, அந்த ரொட்டியோடு என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். புதுச் சட்டையில் ரொட்டி ஒட்டிக்கொண்டது.

கை கழுவும் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். "குமாருங்களா?" என்றாள். போனில் கேட்ட அதே குரல். வந்து அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அதே நேரம் வாசலில் மூச்சிரைக்க அக்கா.

"வந்துட்டீங்களாங்க ஐயா? மன்னிச்சுக்கங்க, லேட்டாயிடுச்சு. இவன்தான் எங்க தம்பி. இந்தப் பசங்க மேல உசுரையே வெச்சிருக்கான்!"

"ம். பாத்தேன்" என்றார் ரேவதியின் அப்பா.

இதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. தர்ஷினி அவரைக் கைகாட்டி, "மாமா, இவரு யாருன்னு தெர்லயா? ஹோட்டல்காரரு! நான் மொதல்ல இவர்கிட்டதான் போய் நின்னேன். பிஸ்கட்டு குடுத்தாரு" என்றாள்.

"எந்த ஹோட்டலு பாப்பா?" என்றார் அவர்.

"அடி அண்ணாமலை ஹோட்டலு. பௌர்ணமிக்கு மட்டும் தொறப்பீங்களே. புளிசோறு நீங்கதான போடுவீங்க?"

அவர் அவளை உற்றுப் பார்த்தார். மீசை மெதுவாக மேலே ஏறியது.

"அட! 'எங்க மாமா பின்னாடி நிக்கிறாரு'ன்னு மூணு தடவ வாங்கினு போவியே, அந்தப் பாப்பாவா நீ? எங்கியோ பாத்த மூஞ்சின்னு அப்பலேர்ந்து யோசிக்கிறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்போ அந்த மாமா?"

மாதாமாதம் அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து போடும் அன்னதானத்தில்தான் நான் இத்தனை நாளாக ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். கரண்டியைப் பார்த்த அளவுக்குக் கரண்டி பிடித்த ஆளை நான் பார்த்ததில்லை.

"பசங்கள தெரியாதுன்னு ஏன் சொன்னீங்க?" என்றாள் ரேவதி. சிரிக்கவில்லை.

"பயத்துலங்க."

"பிரியாணி?"

"பார்சலுங்க."

அக்கா என் முகத்தைப் பார்க்காமல், கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவதும் போனது என்று அவள் கணக்குப் போட்டது எனக்குத் தெரிந்தது. நானும் அதே கணக்கில்தான் இருந்தேன். அப்போது நிதிஷ் என் பேண்ட்டைச் சுரண்டினான்.

"மாமா, என்னை தெரியாதா உனக்கு?"

இதுவரை நடந்ததெல்லாம் மானம் போன விஷயம். இது வேறு. கீழே மண்டிபோட்டேன்.

"தெரியும்டா. நீ எங்க வூட்டு புள்ளை."

"அப்போ இத துன்னு."

சட்டையில் ஒட்டியிருந்த ரொட்டியைப் பிய்த்து எடுத்து, எல்லார் எதிரிலும் துன்னேன். சோப்பு மாதிரி இருந்தது. "நல்லாருக்குதா?" என்றான். "சூப்பரா இருக்குதுடா" என்றேன். எங்கோ பக்கத்தில் அந்தச் சிரிப்பு கேட்டது. போனில் கேட்டதைவிட ஜாஸ்தி.

ரேவதியின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பொண்ணு விசயம் அப்புறம் பேசலாம். சமைக்கத் தெரியாது, ஆனா துன்னத் தெரியும், இல்ல? வர்ற பௌர்ணமிக்கு காலையிலயே வந்துடு. புளி கரைக்க ஆளு கம்மியா இருக்குது."

போனேன். முதல் மாதம் புளி கரைத்தேன். இரண்டாம் மாதம் அண்டா தேய்த்தேன். மூன்றாம் மாதம் தேய்த்த அண்டா சரியில்லை என்று மறுபடி தேய்த்தேன். எட்டாம் பௌர்ணமிக்குத்தான் புளிசோறு மொத்தமும் என் கையில் விட்டார். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் மென்று, "உப்பு கம்மி" என்றார். நான் செத்தேன் என்று நினைத்தேன். ரேவதிதான் பின்னால் வந்து காதோரம் சொன்னாள்: "எங்கப்பா நல்லாருக்குதுன்னு சொல்ற லட்சணமே அதான். அம்மாவுக்கே இருபத்தஞ்சு வருசமா உப்பு கம்மிதான்."

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவளுக்கு ஷிஃப்ட் இருக்கும் நாளில் நான்தான் சமைக்கிறேன். ரப்பர் வளையத்தோடு. வந்து உட்கார்ந்தால் தட்டை எடுக்க மாட்டாள். இரண்டு கையையும் குவித்து நீட்டி, "அரோகரா! கொஞ்சம் ஜாஸ்தியா போடுங்க" என்பாள்.

போன வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எல்லாரும் நிஜமான ஹோட்டலுக்குப் போனோம். நாற்காலி, மேஜை, கை நீளத்துக்கு தோசை. தர்ஷினிக்கு இப்போது உண்மை தெரியும். நிதிஷுக்கு இன்னும் சந்தேகம்தான். சர்வர் சட்னி வைத்தபோது, பழக்கதோஷத்தில் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு, "எங்க மாமாவுக்கும் ஒரு கரண்டி" என்றான்.

"யாரு தம்பி உங்க மாமா?" என்று சர்வர் சுற்றிலும் பார்த்தார்.

நான் பெருமையாகக் கையைத் தூக்குவதற்குள், ரேவதி தோசையைப் பிய்த்தபடியே தலை நிமிராமல் சொன்னாள்.

"இவரா? யார் வூட்டு புள்ளையோங்க. நீங்கதான் பாத்து உள்ள விடணும்."