ஊரார் சொத்தைப் பங்கு போடுகிறவர்

சம்பளம் வாங்காத நிதியமைச்சர் என்றொரு இனம் உண்டு. பஸ் நிற்கிற ஊர்களிலெல்லாம் ஒருவராவது இருப்பார். எங்கள் நோர்வூட்டுக்கு வாய்த்தவர் யோகேஸ்வரன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்து, அந்தத் தோட்டத்திலேயே மாடி வீடு கட்டி, டவுனில் ஹார்ட்வெயார் கடையும் இரண்டு லொறியும் வைத்திருப்பவர். காலை ஏழு மணிக்கு ராசிக் நானாவின் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தாரென்றால், கொழும்புப் பணக்காரர்களின் மாளிகைகளை ஏலம் போட்டு, பேங்க் பெட்டகங்களைத் திறந்து, தோட்டத்துத் துரையின் பங்களாவை அறை அறையாகப் பிரித்து லயத்துச் சனங்களுக்குக் கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக்குத்தான் எழுந்திருப்பார்.

"உள்ளவன் கூடக் குடுக்கணும், இல்லாதவன் கொறைச்சுக் குடுக்கணும். இது வெளங்காதவன் மனுசனா?" என்பார். ராசிக் நானா தலையாட்டுவார். வேறென்ன செய்வார், பாவம்? வாடிக்கையாளர் ஆயிற்றே.

நல்ல மனுஷர்தான், பொய் சொல்லக்கூடாது. கோயில் கூட்டத்தில்தான் மாட்டிக்கொண்டார்.

மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு மூவாயிரம் வரி என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். வரி கட்டாத வீட்டு வாசலில் தேர் நிற்காது. இந்த வருஷம் கோயில் தலைவர் சிவசாமி, "கடை, லொறி வச்சிருக்கவங்க பத்தாயிரம், கொழுந்து எடுக்கிறவங்க ஐந்நூறு போடுவோம்" என்றார். கொழுந்து எடுக்கிற வேலாயிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. புருஷன் இல்லை, மழையில் பாதி நாள் வேலையும் இல்லை, மூவாயிரத்துக்கு எங்கே போவார்?

யோகேஸ்வரன் எழுந்தார். "ஆத்தா முன்னுக்கு ஏழை என்ன, பணக்காரன் என்ன? எல்லாரும் சமம். வரியும் சமமா இருக்கட்டும்."

"கடையில வேற மாதிரி பேசுவீங்களாமே தம்பி?" என்றார் வேலாயி.

"அது அரசாங்கத்துக்குங்க அக்கா. இது சாமி காரியம்."

"சரிங்க, சமமாவே வைப்போம். அப்ப மொதக் காளாஞ்சித் தட்டையும் சீட்டுக் குலுக்கிக் குடுங்க. வருசா வருசம் உங்க கைக்கேதான போகுது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தேங்காய் பழத்தோடு கோயில் கொடுக்கும் முதல் மரியாதையான அந்தத் தட்டை வாங்குவதற்கென்றே பட்டு வேட்டி எடுக்கிற மனுஷர், தொண்டையைச் செருமி, பத்தாயிரத்துக்குச் சம்மதித்தார். வேலாயி ஐந்நூறு கட்டினார். தேர் அவர் வாசலிலும் நின்றது.

மறுநாள் தேத்தண்ணிக் கடையில், "நானே மனசு வச்சுக் குடுத்தது. வரின்னு யாராவது சொன்னா ஒத்துக்க மாட்டேன்" என்றார் யோகேஸ்வரன்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். பணக்காரனிடம் கூடுதலாக வாங்கவேண்டும் என்று நீங்களும்தான் சொல்கிறீர்கள். உங்கள் கணக்கில் எந்தச் சம்பளத்திலிருந்து ஒருவன் பணக்காரன்? உங்கள் சம்பளத்துக்குச் சற்று மேலேதானே?