எபனேசர் வாங்கிய ஒயின் கிளாஸ்

பாத்திரக்கடையில் வாங்கிய ஆறு ஒயின் கிளாஸ்களையும் எபனேசர் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனியில் இருபது வருடமாகத் துணியை இப்படித் தூக்கிப் பார்த்து இழைக்குறை கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. ஆறிலும் குறை இருந்தது. விளிம்பு டீக்கடை கிளாஸ் மாதிரித் தடித்திருந்தது.

"இதுல ஊத்துனா மணமே தெரியாது," என்றார்.

"நான் போட்ட ஒயின் கொட்டாங்கச்சில ஊத்துனாலும் மணக்கும்," என்றாள் மனைவி இன்பம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் ஜாடியில் ஊறப்போடும் திராட்சை ஒயினுக்குத் தெருவில் நல்ல பெயர்.

ஆனால் வரப்போகிறவர் தெருக்காரர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருக்கும் வேதசிரோமணி. நாக்கு நுனியில் துளி வைத்தால் மாடு என்ன தின்றது என்று சொல்லிவிடுவார் என்று பேச்சு. அவர் மகன் பெனினும் எபனேசரின் மகள் அக்சாவும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பெரியவர் இன்னும் சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார். அக்சா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

எபனேசர் யாரையும் கேட்காமல் போனில் விலை கூடிய ஆறு கிளாஸ் செட் ஒன்றுக்கு ஆர்டர் போட்டார். வந்து இறங்கியது கிளாஸா, ஊதினால் கலையும் நீர்க்குமிழியா என்று சொல்ல முடியவில்லை. ஒன்றை மொட்டைமாடிக்கு எடுத்துப் போய்த் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்தார். மேற்கு மலை அதற்குள் தலைகீழாகத் தொங்கியது. மலைக்குக் கீழே ஒரு செம்மேகம் மெல்லப் போனது. நகத்தால் சுண்டினார். எழுந்த நாதம் லேசில் அடங்கவில்லை. அது அடங்கும்வரை அவர் இந்த ஊரிலேயே இல்லை. இன்பம் கீழிருந்து மூன்று தடவை கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை.

அவள் ஏறி வந்து விலை கேட்டாள். பாதியைத்தான் சொன்னார். அதற்கே அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் கம்பெனியிலிருந்து இருப்பதிலேயே மெல்லிய, புண்ணுக்குக் கட்டும் காஸ் துணி கொண்டுவந்து கிளாஸைத் துடைத்தார். துடைத்த துடைப்பில் ஒன்றின் காம்பு கையோடு வந்தது. மிச்சம் ஐந்து. அவற்றுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றையும் பேண்டேஜால் சுற்றி, பஞ்சில் பொதிந்து, மூட்டையாக்கி, பீரோ மேல் வைத்தார். மூட்டை பார்க்க அசல் கழிவுப் பஞ்சு மாதிரியே இருந்தது. ஞாயிறு காலை வீடு ஒதுங்க வைத்த இன்பமும் அப்படித்தான் நினைத்து, அதை மேலிருந்து கீழே தள்ளிவிட்டாள்.

பிரித்துப் பார்த்தபோது ஒன்றே ஒன்று முழுசாக இருந்தது. எபனேசர் கோபப்படவில்லை. ஆஸ்பத்திரியில் பிழைத்த பிள்ளையைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அது வேதசிரோமணி கைக்குப் போனது. மற்ற எல்லாருக்கும் தடித்த கிளாஸ்.

பெரியவர் கிளாஸைச் சுழற்றினார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வெயில் தாழ்ந்து, கிளாஸின் சிவப்பு அவர் சட்டையில் ஆடியது. அக்சா மூச்சுவிட்டாளா என்பதே சந்தேகம்.

"மழை விட்டதும் காட்டுக்குள்ள நடந்து போற மாதிரி இருக்கு," என்றார், கண்ணைத் திறக்காமலே. "நாவப்பழ வாசம். பொறவு, லேசா ஈரமண்ணு."

இன்னொரு வாய் குடித்துவிட்டு, கல்யாணத்தை மே மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றார். பெனின் எழுந்து நின்று, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

எபனேசருக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த ஒற்றைக் கிளாஸைத் தானே கழுவ அடுக்களைக்குக் கொண்டு போனார். வேதசிரோமணியின் மனைவி பரிபூரணம் தண்ணீர் குடிக்க அங்கே வந்தாள். அவளிடம் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

"பாத்தியளா, எல்லாம் இந்த கிளாஸ் செஞ்ச வேல. நல்ல விளிம்பா இருந்தாத்தான் அம்புட்டு மணமும் மூக்குல ஏறும்."

பரிபூரணம் வாசற்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வெளிய சொல்லிராதிய அண்ணாச்சி, கொரோனா வந்து போனதுலருந்து அவியளுக்கு மணமும் தெரியாது, ருசியும் தெரியாது, கடையில பால்கோவா ருசி பாக்கது நாந்தான்."